எல்டிஎல் அளவுக்குள்தான், கழுத்தில் மட்டும் எப்படிக் கொழுப்பு?

கேள்வி: எனக்கு வயது 48. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். நாள் முழுக்க உட்கார்ந்த வேலை. சுத்த சைவம், புகை, மது இரண்டும் கிடையாது. அப்பாவுக்கு 56 வயதில் பக்கவாதம் வந்தது. அதைச் சொல்லிச் சொல்லியே மனைவி என்னை முழு உடல் பரிசோதனைக்கு அழைத்துப் போய்விட்டார். அந்தப் பேக்கேஜில் கழுத்து டாப்ளர் ஸ்கேனும் இருந்தது. 'வலது கரோட்டிட் பல்பில் 1.8 மி.மீ. பிளாக், குறிப்பிடும்படியான சுருக்கம் இல்லை' என்று எழுதியிருக்கிறார்கள். ரத்த ரிப்போர்ட்டில் மொத்தக் கொலஸ்ட்ரால் 193, எல்டிஎல் 112, எச்டிஎல் 34, ட்ரைகிளிசரைடு 236, வெறும் வயிற்றில் சுகர் 108, எச்பிஏ1சி 6.0, யூரிக் ஆசிட் 7.4, ஹோமோசிஸ்டீன் 19, சிஆர்பி 2.6. 'டிஒய்ஜி இன்டெக்ஸ் 9.45' என்று ஒரு வரி. அது என்னவென்று லேப்பில் கேட்டால் அவர்களுக்கே தெரியவில்லை. பிபி 138/88. சுகர் வியாதி இல்லை, கெட்ட கொழுப்பும் அளவுக்குள்தான் என்கிறார்கள். பிறகு கழுத்தில் அடைப்பு எப்படி வந்தது? இத்தனை டெஸ்ட்டில் எதுதான் காரணம்? ஆபரேஷன் தேவைப்படுமா? ஆஸ்பிரின் போட்டுக்கொள்ளலாமா? பூண்டு, இஞ்சி, எலுமிச்சைச் சாற்றைக் காய்ச்சிக் குடித்தால் எல்லாம் கரைந்துவிடும் என்கிறான் என் தம்பி. மனைவிக்கும் இந்த ஸ்கேனை எடுத்துவிடலாமா?

– வாசகர், திருப்பூர்

பதில்: முதலில் ஸ்கேனைப் பார்த்துவிடுவோம். பாதி பயம் அங்கேதான் இருக்கிறது.

உங்கள் கழுத்தில் அடைப்பு இல்லை, படிவு இருக்கிறது. ஸ்கேன் அறையில் இரண்டையுமே 'பிளாக்' என்று சொல்லிவிடுகிறார்கள், வீட்டுக்கு வந்தவர் தூக்கத்தைத் தொலைக்கிறார். ரத்தக் குழாயின் உள்சுவருக்குள் கொழுப்பும் செல்களும் நாரும் சேர்ந்து ஓரிடம் தடித்திருந்தால் அது படிவு. பொதுவாக 1.5 மி.மீ.க்கு மேல் தடித்திருந்தால் படிவு என்று எழுதுவார்கள், உங்களுடையது 1.8. அது வளர்ந்து ரத்தம் போகும் வழியையே குறுக்கினால்தான் அடைப்பு. குழாய் குறுகினால் அந்த இடத்தில் ரத்தத்தின் வேகம் கூடும். டாப்ளர் அளப்பது அந்த வேகத்தைத்தான். வேகம் நொடிக்கு 125 செ.மீ.யைத் தாண்டினால்தான் பாதிக்கு மேல் சுருங்கியிருக்கிறது என்று சந்தேகப்படுவோம். உங்கள் ரிப்போர்ட்டில் சுருக்கம் இல்லை என்று போட்டிருப்பதால், மூளைக்குப் போகும் ரத்தத்துக்கு இப்போது ஒரு தடையும் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

அந்த இடத்தில் ஏன் என்று கேட்டால், அது ரத்த ஓட்டத்தின் கோளாறு. குரல்வளையின் பக்கவாட்டில் மெல்ல விரல் வைத்தால் ஒரு துடிப்புத் தெரியுமே, அதுதான் கரோட்டிட். தாடைக்குச் சற்றுக் கீழே அது இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை மூளைக்கும் கண்ணுக்கும், மற்றொன்று முகத்துக்கும் தலைத்தோலுக்கும் போகிறது. பிரியும் இடம் சற்று உப்பலாக இருப்பதால் அதைப் பல்ப் என்கிறோம். அந்த உப்பலில் ரத்தம் நேராக ஓடாது. வெளிச்சுவர் ஓரமாகச் சுழன்று மந்தமாகும். வேகமான, சீரான ஓட்டம் குழாயின் உள்தோலை நல்ல நிலையில் வைத்திருக்கும். மந்தமான, சுழலும் ஓட்டம் அதைத் தளர்த்திவிடும். அதனால் சென்னைக்காரருக்கானாலும் ஸ்வீடன்காரருக்கானாலும் கழுத்துப் படிவு பெரும்பாலும் அந்த வளைவில்தான் தொடங்குகிறது.

இடத்தைத் தீர்மானிப்பது ஓட்டம். அங்கே வந்து சேரும் சரக்கு எது என்பதுதான் உங்கள் உண்மையான கேள்வி.

எல்டிஎல் 112 என்பதை லேப் தாளில் அச்சடித்த கட்டத்தோடு ஒப்பிட்டு 'அளவுக்குள்' என்று சொல்லியிருக்கிறார்கள். இந்த எண் எப்படி வந்தது என்று பாருங்கள். பல லேப்களில் எல்டிஎல்லை நேரடியாக அளப்பதில்லை. மொத்தக் கொலஸ்ட்ராலிலிருந்து எச்டிஎல்லைக் கழித்து, ட்ரைகிளிசரைடை ஐந்தால் வகுத்து அதையும் கழிப்பார்கள். 1972இல் ஃப்ரீட்வால்ட் என்பவரும் அவருடைய குழுவினரும் சொன்ன கணக்கு இது. உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள்: 193லிருந்து 34 போனால் 159, 236ஐ ஐந்தால் வகுத்தால் 47, மிச்சம் 112. கணக்குப் பிரிவில் இருப்பவர் நீங்கள், ஒன்று உடனே புரிந்திருக்கும். ட்ரைகிளிசரைடு எவ்வளவு ஏறுகிறதோ, அதில் ஐந்தில் ஒரு பங்கு எல்டிஎல் தாளில் இறங்கிக் காட்டும். ட்ரைகிளிசரைடு 400ஐத் தாண்டினால் இந்தக் கணக்கே செல்லாது. அதற்குக் கீழேயும் அது ஏற ஏற, எல்டிஎல் உள்ளதைவிடக் குறைவாகத் தெரியும் வாய்ப்பு உண்டு.

இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது. கொலஸ்ட்ரால் ரத்தத்தில் தனியாக மிதந்து போவதில்லை. புரதம் போர்த்திய சிறு துகள்களுக்குள் அடைபட்டுத்தான் போகிறது. லேப் சொல்லும் 112 என்பது எல்டிஎல் துகள்களுக்குள் இருக்கும் கொலஸ்ட்ராலின் மொத்த எடை. எத்தனை துகள் என்று அது சொல்வதில்லை. நூறு கிலோ அரிசியை 25 கிலோ மூட்டையாகக் கட்டினால் நான்கு மூட்டை, 5 கிலோ பையாகக் கட்டினால் இருபது பை, எடை ஒன்றுதான். குழாய்ச் சுவருக்குள் நுழைந்து சிக்கிக்கொள்வது துகள். அதனால் ஆபத்து எண்ணிக்கையைப் பொறுத்தது. எச்டிஎல் தவிர்த்த இந்தத் துகள்கள் ஒவ்வொன்றின் மேலும் அப்போ-பி என்ற புரதம் ஒன்றே ஒன்று இருக்கும். ஆகவே ரத்தத்தில் அப்போ-பியை அளந்தால் துகள்களை எண்ணியதற்குச் சமம். அந்த டெஸ்ட் உங்கள் பேக்கேஜில் இல்லை. இத்தனை டெஸ்ட்டைச் சேர்த்தவர்கள் இதை ஏன் விட்டார்கள் என்று எனக்குப் புரியவில்லை.

அது இல்லாவிட்டாலும் செலவில்லாத ஒரு வழி இருக்கிறது. மொத்தக் கொலஸ்ட்ராலில் எச்டிஎல்லைக் கழித்தால் வரும் 159 இருக்கிறதே, அதுதான் நான்-எச்டிஎல். எல்டிஎல்லும் அதற்கு அண்ணன் முறையான பெரிய துகள்களும் சேர்ந்த சுமை. இந்திய இதயவியல் கழகம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி சாதாரண அபாயம் உள்ளவருக்கே நான்-எச்டிஎல் 130க்குக் கீழே, எல்டிஎல் 100க்குக் கீழே இருக்க வேண்டும். அபாயம் கூடியவருக்கு அவை முறையே 100க்கும் 70க்கும் கீழே. சுவரில் படிவு கண்ணால் பார்க்கும் அளவுக்கு வந்துவிட்டவரைக் குறைந்தபட்சம் இரண்டாவது வகையில்தான் வைப்பேன். அப்படிப் பார்த்தால் உங்களுடைய 112 அளவுக்குள் இல்லை, 159 வெகுதூரம் வெளியே நிற்கிறது. லேப் தாளில் அச்சடித்த கட்டம் ஊருக்கெல்லாம் பொதுவானது. உங்களுக்குரிய அளவை உங்கள் கழுத்துதான் தீர்மானிக்கிறது.

துகள்கள் ஏன் இப்படிச் சிறுத்துப் பெருகுகின்றன? இதற்கு உங்கள் மற்ற எண்களைச் சேர்த்துப் படிக்க வேண்டும். எச்டிஎல் 34, ட்ரைகிளிசரைடு 236, சுகர் 108, எச்பிஏ1சி 6.0. தனித்தனியே பார்த்தால் நான்கு சில்லறைக் குறைகள். சேர்த்துப் பார்த்தால் ஒரே விஷயத்தின் நான்கு முகங்கள்: இன்சுலினுக்கு உடல் சரியாகச் செவிசாய்க்கவில்லை. நம்மவர்களுக்கு உடம்பு மெலிந்து தெரிந்தாலும் தொப்பைக்குள் கொழுப்பு இருக்கும். அந்தக் கொழுப்பு கல்லீரலுக்கு ஓயாமல் கொழுப்பு அமிலத்தை அனுப்புகிறது. இன்சுலின் சொல்லுக்குக் கட்டுப்பட்ட கல்லீரல் சாப்பிட்டவுடன் ட்ரைகிளிசரைடு உற்பத்தியைக் குறைத்துக்கொள்ளும். கட்டுப்படாத கல்லீரல் குறைக்காது. ரத்தத்தில் பெருகிய ட்ரைகிளிசரைடு, எல்டிஎல், எச்டிஎல் துகள்களோடு பண்டமாற்றுச் செய்கிறது: ட்ரைகிளிசரைடு உள்ளே போக, கொலஸ்ட்ரால் வெளியே வருகிறது. இப்படி மாறிய எல்டிஎல் துகள் செதுக்கப்பட்டுச் சிறுத்துப்போகிறது. மாறிய எச்டிஎல் சீக்கிரமே அழிந்துபோகிறது. கூடிய ட்ரைகிளிசரைடு, குறைந்த எச்டிஎல், அளவுக்குள் இருப்பதுபோல் தோன்றும் எல்டிஎல், எல்லையில் நிற்கும் சுகர் என்ற இந்தக் கூட்டணி இந்தியர்களிடம் அதிகம். சைவமாக இருந்தும் எனக்கா என்று கேட்கிறவர்களுக்கு என் பதில் ஒன்றுதான்: இதை வளர்ப்பது பெரும்பாலும் சோறும் இட்லியும் சர்க்கரை போட்ட டீயும், இடுப்பைச் சுற்றியுள்ள சதையும்தான். கறி சாப்பிடாததால் தப்பித்துவிட முடியாது.

இப்போது டிஒய்ஜி இன்டெக்ஸ். ட்ரைகிளிசரைடையும் வெறும் வயிற்றுச் சுகரையும் பெருக்கி, இரண்டால் வகுத்து, இயல் மடக்கை எடுத்தால் வரும் எண் அது. 236 பெருக்கல் 108, பாதி 12,744, மடக்கை 9.45. அவ்வளவுதான். மெக்சிகோ ஆய்வாளர்கள் 2008இல் இன்சுலின் எதிர்ப்பைச் சுலபமாக மதிப்பிட இதை முன்வைத்தார்கள். ஆயிரக்கணக்கானவர்களை வைத்து ஆய்வு செய்கிறவர்களுக்கு இது பயன்படும். இது கூடியவர்களிடம் கழுத்துப் படிவும் கூடுதலாக இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் இந்த எண்ணுக்கு மேல் ஆபத்து என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட எல்லைக்கோடு கிடையாது. கையில் ஏற்கெனவே இருக்கும் இரண்டு எண்களைப் பெருக்கியதற்குத் தனியாக யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

'எதுதான் காரணம்' என்று கேட்டிருக்கிறீர்கள். ரத்தத்தில் கூடியோ குறைந்தோ தெரிவதெல்லாம் காரணமாகிவிடாது. சில, நோயை உண்டாக்குகின்றன. சில, நோய் இருப்பதை அடையாளம் காட்டுகின்றன. பிரித்தறிய ஒரு வழி, அந்த ஒன்றை மட்டும் மருந்தால் மாற்றிவிட்டு மாரடைப்பு, பக்கவாதம் குறைகிறதா என்று பார்ப்பது. அப்படிப் பார்த்ததில் மருத்துவ உலகம் பலமுறை மூக்குடைபட்டிருக்கிறது.

எச்டிஎல் 'நல்ல கொழுப்பு' என்று பெயர் வாங்கியது. டார்செட்ராபிப் என்ற மருந்து அதை 70 சதவீதத்துக்கு மேல் ஏற்றிக் காட்டியது. மருந்து சாப்பிட்டவர்களிடம் சாவு கூடியதால் 2006 டிசம்பரில் அந்த ஆய்வையே நிறுத்தினார்கள். பிறவியிலேயே எச்டிஎல்லைக் கூட்டித் தரும் மரபணு கொண்டவர்களுக்கும் மாரடைப்பு குறையவில்லை என்று 2012இல் தெரியவந்தது. ஆகவே உங்கள் 34ஐ எப்படி 45 ஆக்குவது என்று மாத்திரை தேடாதீர்கள். அது இன்சுலின் கோளாறின் நிழல்.

ட்ரைகிளிசரைடு கதை இன்னும் சுவாரசியம். 2022இல் வெளியான ப்ராமினென்ட் ஆய்வில் சர்க்கரை நோயாளிகள் பத்தாயிரம் பேருக்கு மேல் சேர்ந்தார்கள். பெமாஃபைப்ரேட் மருந்து ட்ரைகிளிசரைடை நான்கில் ஒரு பங்கு இறக்கியது. மாரடைப்பும் பக்கவாதமும் துளியும் குறையவில்லை. ஏன் என்று பார்த்தால், அப்போ-பி இறங்கவே இல்லை, சற்றுக் கூடியிருந்தது. கொழுப்பு ஒரு துகளிலிருந்து இன்னொரு துகளுக்கு மாறியதே ஒழியத் துகளின் எண்ணிக்கை மாறவில்லை. எண்ணிக்கைதான் முக்கியம் என்பதற்கு இதைவிட நல்ல சான்றை நான் பார்த்ததில்லை.

யூரிக் ஆசிட்டுக்கு பிரிட்டனில் ஆல்-ஹார்ட் என்ற ஆய்வு நடந்தது; அதுவும் 2022இல் வெளியானது. ஏற்கெனவே இதயக் குழாய் நோய் உள்ள, 60 வயது தாண்டிய, கீல்வாதம் இல்லாதவர்களுக்கு அலோப்யூரினால் கொடுத்துப் பார்த்தார்கள். பலன் இல்லை. கால் பெருவிரல் வீங்கி வலிக்காதவரை உங்கள் 7.4க்கு மாத்திரை தேவையில்லை.

சிஆர்பி அழற்சியின் அடையாளம். சளி பிடித்தாலும் பல் ஈறு வீங்கினாலும் அது ஏறும், ஆகவே ஒரே ஒரு முறை பார்த்த 2.6ஐ வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. சிஆர்பி குழாயைக் கெடுப்பதில்லை, அழற்சி கெடுக்கிறது. கொலஸ்ட்ராலைத் தொடாமல் அழற்சியை மட்டும் அடக்கிய கேனகினுமாப் மருந்து இதய நிகழ்வுகளைச் சுமார் 15 சதவீதம் குறைத்ததை 2017இல் கண்டார்கள். விலையும் தொற்று ஆபத்தும் அந்த மருந்தை இதயச் சிகிச்சையில் நடைமுறைக்கு வரவிடவில்லை.

ஹோமோசிஸ்டீன் 19 கொஞ்சம் யோசிக்க வைக்கிறது, ஆனால் வேறு காரணத்துக்காக. சுத்த சைவம் என்கிறீர்கள். பி12 குறைந்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு. அதை அளந்து, குறைவாக இருந்தால் ஊசியோ மாத்திரையோ போட்டுக்கொள்ளுங்கள். அது உங்கள் நரம்புக்கும் ரத்தத்துக்கும் நல்லது. கழுத்துப் படிவு அதனால் கரையும் என்று மட்டும் நம்ப வேண்டாம். பி வைட்டமின் கொடுத்து ஹோமோசிஸ்டீனை இறக்கிய இரண்டு பெரிய ஆய்வுகள் 2006இல் வந்தன: நார்விட், ஹோப்-2. மாரடைப்பு குறையவில்லை. ஹோப்-2இல் பக்கவாதம் மட்டும் சற்றுக் குறைந்தது. 2015இல் சீனாவில் ரத்த அழுத்தம் உள்ள இருபதாயிரம் பேரிடம் ஃபோலிக் ஆசிட் சேர்த்துக் கொடுத்தபோதும் முதல் பக்கவாதம் 3.4 சதவீதத்திலிருந்து 2.7க்கு இறங்கியது. ஆக, பக்கவாதத்தைப் பொறுத்தவரை இந்த வழக்கில் தீர்ப்பு இன்னும் முழுதாக வரவில்லை.

சுகரை நான் அப்படித் தள்ளமாட்டேன். ஸ்பெயினில் மாட்ரிட் நகரத்து வங்கி ஊழியர்கள் 4,184 பேரை 2010இலிருந்து பின்தொடரும் ஆய்வு ஒன்று இருக்கிறது; பெசா என்பார்கள். 40 முதல் 54 வயதுவரை உள்ளவர்கள், உங்களைப் போல மேசை வேலைக்காரர்கள், நோய் என்று எதுவும் இல்லாதவர்கள். ஸ்கேன் செய்ததில் 63 சதவீதம் பேரின் உடம்பில் எங்கேயாவது ஓரிடத்தில் குழாய்ச் சுவர் கெட்டிருந்தது. கழுத்தில் மட்டும் 31 சதவீதம். சர்க்கரை நோய் என்று சொல்ல முடியாதவர்களிடமும் எச்பிஏ1சி ஏற ஏறப் பாதிப்பு கூடியிருந்தது. புகை, பிபி, சர்க்கரை, கொலஸ்ட்ரால் என்று வழக்கமான அளவுகோலில் எந்தக் குறையும் இல்லாதவர்களை மட்டும் தனியே பிரித்துப் பார்த்தார்கள். அவர்களிலும் பாதிப்பேருக்குப் படிவு இருந்தது. அவர்களை எல்டிஎல் வாரியாக வரிசைப்படுத்தினால் 60, 70 அளவில் இருந்தவர்களில் நூற்றுக்குப் பதினொருவருக்கும், 150ஐத் தாண்டியவர்களில் நூற்றுக்கு அறுபதுக்கு மேற்பட்டவர்களுக்கும் படிவு. நீங்கள் ஏதோ விதிவிலக்கு என்று நினைத்து உடைந்துபோக வேண்டாம். இத்தனை நாள் யாரும் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

எச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரை சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. 'சுகர் இல்லை' என்பது உங்களுக்கு இன்றைய நிலவரம் மட்டுமே. இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை இருந்தால் இந்த எண் பொய்யாக ஏறும். ஹீமோகுளோபினையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். சர்க்கரைக்கு முந்தைய இந்த நிலையிலிருந்து திரும்பி வரலாம். சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் 2006இல் வெளியிட்ட ஆய்வில், எல்லையில் நின்றவர்களில் எந்த மாற்றமும் செய்யாதவர்களில் மூன்றாண்டில் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை வந்தது. சாப்பாட்டையும் நடையையும் மாற்றியவர்களில் 39 சதவீதம். சீனாவின் டாச்சிங் நகரில் 1986இல் இதே போன்ற மாற்றத்தைச் செய்தவர்களை முப்பது ஆண்டு கழித்துப் பார்த்தபோது, மாரடைப்பும் பக்கவாதமும் கால்வாசி குறைந்திருந்தன.

இத்தனை ரத்தக் கணக்கிலும் தொலைந்துபோன ஓர் எண் உங்கள் பட்டியலின் கடைசியில் இருக்கிறது: 138/88. பக்கவாதத்துக்கு ரத்த அழுத்தத்தைவிடப் பெரிய காரணம் இல்லை. அப்பாவுக்கு 56இல் வந்திருக்கிறது. வீட்டில் ஒரு பிபி கருவி வாங்கி, ஒரு வாரம் காலையும் மாலையும் ஐந்து நிமிடம் உட்கார்ந்து ஓய்வெடுத்த பிறகு அளந்து எழுதிக்கொண்டு உங்கள் டாக்டரிடம் போங்கள். வீட்டுச் சராசரி 135/85ஐத் தொட்டால் அவர் மருந்தைப் பற்றிப் பேசட்டும். அப்பாவின் கதைக்காகவே இன்னொரு டெஸ்ட்டும் சொல்வேன்: லிப்போபுரோட்டீன்-ஏ. மரபாக வருவது, சாப்பாட்டால் மாறாதது, வாழ்நாளில் ஒருமுறை பார்த்தால் போதும். 50 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் மற்ற எல்லாவற்றிலும் இன்னும் கண்டிப்பாக இருக்க வேண்டும். தைராய்டையும் பார்த்துவிடுங்கள், அது குறைந்தாலும் கொழுப்பு ஏறும்.

சிகிச்சை என்று பார்த்தால் உங்களுக்கு ஸ்டாடின் தேவை என்றே நினைக்கிறேன். கல்லீரல் எல்டிஎல் துகள்களை ரத்தத்திலிருந்து கூடுதலாக இழுத்துக்கொள்ள வைக்கும் மருந்து அது, எண்ணிக்கையைத்தான் குறைக்கிறது. 2007இல் வந்த மீட்டியர் ஆய்வில், அபாயம் குறைவென்று கருதப்பட்டு, ஆனால் கழுத்துச் சுவர் தடித்திருந்தவர்களுக்கு ரோசுவாஸ்டாடின் கொடுத்தார்கள். இரண்டு ஆண்டில் மருந்து சாப்பிடாதவர்களுக்குச் சுவர் மேலும் தடித்தது, சாப்பிட்டவர்களுக்கு நின்றுவிட்டது. படிவு காணாமல் போகும் என்று எதிர்பார்க்காதீர்கள். அதற்குள் இருக்கும் கொழுப்புக் குழம்பு வற்றி, மேல்மூடி கெட்டிப்படும். கழுத்துப் படிவால் வரும் பக்கவாதம் பெரும்பாலும் குழாய் முழுதாக அடைத்து வருவதில்லை. படிவின் மேல்மூடி கிழிந்து, அங்கே உறைந்த கட்டி பிய்த்துக்கொண்டு மூளைக்குப் போவதால் வருகிறது. ஆகவே மூடி கெட்டிப்படுவதே பெரிய வெற்றி. ஸ்டாடின் சர்க்கரையை ஏற்றுமே என்பீர்கள். உண்மைதான், எல்லையில் நிற்கும் சிலரை அது சற்று முன்னதாகவே அந்தப் பக்கம் தள்ளும், அளவு கூடக் கூடத் தள்ளுவதும் கூடும். உங்களுக்கு எச்பிஏ1சி 6.0 என்பதால் அதைக் கண்காணிக்க வேண்டும். குழாயில் கிடைக்கும் லாபம் இந்த நஷ்டத்தைவிடப் பெரிது. எந்த மருந்து, எவ்வளவு என்பதை நேரில் பார்க்கும் டாக்டர் சொல்லட்டும். தொடங்கி இரண்டு மூன்று மாதத்தில் கொழுப்பை மீண்டும் பாருங்கள். அப்போது அப்போ-பியும் சேர்த்து.

சாப்பாட்டில் எண்ணெயைப் பற்றியே எல்லோரும் பேசுவார்கள். உங்களுக்கு முதலில் மாவுச்சத்துதான் பிரச்சினை. மதியச் சோற்றைப் பாதியாக்கி, அந்த இடத்தைப் பொரியல், கீரை, சுண்டல், தயிரால் நிரப்புங்கள். கம்பெனியில் ஒரு நாளைக்கு எத்தனை டீ, ஒவ்வொன்றிலும் எத்தனை ஸ்பூன் சர்க்கரை என்று நீங்களே கூட்டிப் பாருங்கள். ட்ரைகிளிசரைடு இவற்றுக்கு வேகமாகப் பதில் சொல்லும்; சில வாரத்திலேயே இறங்குவதைப் பார்க்கலாம். செக்கில் ஆட்டியதானாலும் தேங்காய் எண்ணெய் எல்டிஎல்லை ஏற்றும். கடலை எண்ணெயோ நல்லெண்ணெயோ அளவோடு போதும். இடுப்பை ஒரு டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள்: நம் ஊர் ஆண்களுக்கு 90 செ.மீ.தான் எல்லை. நடை, வாரத்தில் ஐந்து நாள், பேச முடியும் ஆனால் பாட முடியாத வேகத்தில், அரை மணி நேரம்.

ஆபரேஷன் வேண்டாம். கழுத்துக் குழாயைத் திறந்து படிவை எடுக்கும் அறுவைச் சிகிச்சையின் பலனை 1991இல் வட அமெரிக்காவில் நடந்த நாசெட் ஆய்வு உறுதி செய்தது. ஆனால் யாருக்கு? குழாய் 70 சதவீதத்துக்கு மேல் சுருங்கி, அதனால் ஏற்கெனவே லேசான பக்கவாதமோ தற்காலிகத் தாக்குதலோ வந்தவர்களுக்கு. அவர்களில் இரண்டாண்டில் பக்கவாதம் வந்தவர்கள் 26 சதவீதத்திலிருந்து 9க்குக் குறைந்தார்கள். உங்களுக்குச் சுருக்கமும் இல்லை, அறிகுறியும் இல்லை. ஆஞ்சியோவுக்கும் வேலையில்லை. ஆஸ்பிரினைக் கடையில் வாங்கி நீங்களாக ஆரம்பிக்காதீர்கள். சர்க்கரை நோயாளிகளிடம் நடந்த அசெண்ட் ஆய்வில், 2018இல், அது தடுத்த அடைப்புகளின் லாபத்தைப் பெரிதும் ரத்தக்கசிவு தின்றுவிட்டது. சுருக்கம் இல்லாத படிவுக்கு ஆஸ்பிரின் கொடுக்க இன்று உறுதியான சான்று இல்லை.

ஒன்றை மட்டும் வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள். ஒரு கண்ணில் மட்டும் திரை விழுந்ததுபோல் இருட்டினால், வாய் கோணினால், பேச்சுக் குழறினால், ஒரு கை தூக்க முடியாமல் விழுந்தால், ஐந்து நிமிடத்தில் சரியாகிவிட்டாலும் சோடா குடித்துவிட்டுப் படுக்கக் கூடாது. 108ஐக் கூப்பிட்டு, சிடி ஸ்கேனும் கட்டியைக் கரைக்கும் ஊசியும் உள்ள ஆஸ்பத்திரிக்கே நேராகப் போக வேண்டும். அந்த ஊசிக்கு நான்கரை மணி நேரம்தான் கெடு.

தம்பியின் சாறு: பூண்டும் இஞ்சியும் சமையலில் நல்லவை. குழாய்ச் சுவருக்குள், தோலுக்கு அடியில் இருக்கும் படிவை எந்தச் சாறும் போய்க் கரைக்காது. தினம் எலுமிச்சைச் சாற்றைக் காய்ச்சிக் குடித்தால் கரைவது பல் எனாமல். அதைக் குடித்துக்கொண்டு மாத்திரையை விட்டுவிடுகிறார்களே, என் கவலை அதுதான். தம்பிக்கும் அப்பா அதே அப்பா என்பதை மறக்க வேண்டாம். அவர் தன் கொழுப்பையும் பிபியையும் பார்த்துக்கொண்டால் சாற்றைவிட உபயோகம்.

மனைவிக்கு ஸ்கேன் தேவையில்லை. அறிகுறி இல்லாத பொதுமக்களுக்குக் கழுத்தில் சுருக்கம் தேடி ஸ்கேன் செய்ய வேண்டாம் என்று அமெரிக்காவின் தடுப்பு மருத்துவக் குழு 2007, 2014, 2021 என மூன்று முறை சொல்லிவிட்டது. கடுமையான சுருக்கம் பொதுமக்களில் அரிது. தவறான முடிவு வந்து, தேவையில்லாத அறுவைக்குப் போய், அந்த அறுவையிலேயே பக்கவாதம் வாங்குபவர்களும் உண்டு. அப்படியானால் உங்கள் ஸ்கேன் வீண்செலவா? எடுத்தாயிற்று, அதனால் லாபம்தான் பார்க்க வேண்டும். ஸ்வீடனின் வாஸ்டர்பாட்டன் பகுதியில் 3,532 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மட்டும் அவர்கள் கழுத்துக் குழாயின் நிலையைப் படமாக வரைந்து, அவர்களுக்கும் அவர்களுடைய டாக்டருக்கும் அனுப்பினார்கள். ஒரு வருடத்தில் படம் பார்த்தவர்களின் அபாய மதிப்பெண் மற்றவர்களைவிடக் குறைந்திருந்தது. 2019இல் வெளியான ஆய்வு. உங்கள் படமும் அப்படி உதவட்டும். அடுத்த டாப்ளர் ஓரிரு வருடம் கழித்துப் போதும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுத்து மி.மீ.யின் பத்தில் ஒரு பங்கு ஏறியதா இறங்கியதா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், ஸ்கேன் செய்யும் கை மாறினாலே அந்த அளவு மாறும். மனைவிக்கு இந்த வாரம் செய்ய வேண்டியது: பிபி, வெறும் வயிற்றுச் சுகர், எச்பிஏ1சி, கொழுப்பு, இடுப்பளவு. பெண்களுக்கு இடுப்பு எல்லை 80 செ.மீ. பிள்ளைப்பேறு காலத்தில் சுகரோ பிபியோ கூடியிருந்ததா என்றும் கேளுங்கள். இருந்திருந்தால் அதை டாக்டரிடம் தவறாமல் சொல்லச் சொல்லுங்கள்.